ஓவியரின் தோட்டம் யாருக்கு?



நீலசந்திராவில் 'பெயிண்டர்' என்று சொன்னால், காலையில் டிபன் கேரியரும் பிரஷ்களும் அடங்கிய பையை மாட்டிக்கொண்டு, வண்ணம் தெறித்த சட்டையோடு வேலைக்குப் புறப்படும் சகோதரரே நம் நினைவுக்கு வருவார். அவர் அழகுபடுத்துகிற சுவர்கள் அவருடையவை அல்ல. இம்மாதம் நாம் காணப்போகிறவரோ சித்திரம் தீட்டிய ஓவியர். அவருக்குச் சொந்தமாக ஒரு வீடும், அதைச் சுற்றி ஏறத்தாழ 468 ஏக்கர் தோட்டமும் ஏரியும் இருந்தன. ஆயினும், அவர் கண்மூடிய பின்பு அந்தத் தோட்டம் யாருக்கு என்கிற கேள்விக்கு விடை காண உச்ச நீதிமன்றம் வரை செல்லவேண்டியதாயிற்று. குடும்பமாய் ஒரே நாளில் சென்று வரத்தக்க இடத்தையும், அதனோடு ஒரு சிந்தனையையும் தருவதே இப்பகுதியின் வழக்கம். இம்முறை இடம் அருகிலேயே இருக்கிறது. சிந்தனையோ நம் ஒவ்வொருவருடைய பீரோவிற்குள்ளும் நுழையக்கூடியது.

செல்லும் வழி

ஞாயிறு ஆராதனைக்குரிய நாளாதலால் இரண்டாம் சனிக்கிழமையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீலசந்திராவிலிருந்து வில்சன் கார்டன் வழியாகப் பேருந்திலோ ஆட்டோவிலோ லால்பாக் மெட்ரோ நிலையத்தை அடையலாம். அங்கே பச்சை வழித்தடத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறி, கடைசி நிலையமாகிய சில்க் இன்ஸ்டிட்யூட்டில் இறங்கவேண்டும். இந்தத் தடம் 2017-ஆம் ஆண்டு எலச்சேனஹள்ளி வரையிலும், 2021 ஜனவரியில் சில்க் இன்ஸ்டிட்யூட் வரையிலும் நீட்டிக்கப்பட்டது. லால்பாக் தொடங்கிக் கடைசி வரை ரயில் தூண்களின்மேல் உயரத்திலேயே செல்லும். ஆகையால் பிள்ளைகளை ஜன்னலோரம் நிற்கச் செய்யுங்கள். ஜெயநகரின் மரங்களும், பனசங்கரியின் நெரிசலும், அதற்கப்பால் புதிதாய் எழும்பும் அடுக்குமாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடந்து போவதை அவர்கள் காணட்டும்.

சில்க் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து கனகபுரா சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் தாதகுணி வரும். இந்தத் தொலைவுக்கு மிதிவண்டி ஏற்றது. மடக்கி எடுத்துச் செல்லத்தக்க சிறிய மிதிவண்டியை மட்டுமே மெட்ரோ ரயிலில் கொண்டுசெல்லலாம். சாதாரண மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. மடக்கு மிதிவண்டி இல்லாதவர்கள் நிலையத்தின் வாசலிலேயே நகரப் பேருந்தைப் பிடிக்கலாம். திடகாத்திரமுள்ள வாலிபர்கள் விடியற்காலையில் புறப்பட்டால் வீட்டிலிருந்தே மிதித்துச் சென்றுவிடலாம். ஆனால் கனகபுரா சாலையில் லாரிகளும் கார்களும் மிகுதி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அந்தச் சாலையில் தனியே மிதிக்கவிடாதீர்கள். குடிநீரும் எலுமிச்சை சாதமும் கையோடு இருக்கட்டும்.

ஒரு காரியத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். தாதகுணித் தோட்டம் லால்பாக்கைப்போல் பொதுப் பூங்கா அல்ல. அது அரசின் பொறுப்பில் உள்ள இடம்; முன் அனுமதியின்றி வாசலைக் கடக்க இயலாது. அனுமதி கிடைத்தால் உள்ளே செல்லுங்கள். கிடையாவிட்டால் வேலிக்கு வெளியே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி மரங்களைப் பாருங்கள். இது பன்னேர்கட்டா காடுகளின் பக்கத்திலுள்ள நிலப்பகுதி. இத்தோட்டத்தினுள் யானைகள் வந்து தங்கியதாகப் பலமுறை செய்திகள் வந்துள்ளன. ஆகையால் மதியத்திற்கு முன்பே திரும்புவது நல்லது.

யார் இந்த ஓவியர்?

அவர் பெயர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக். 1904-ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் நிக்கலாய் ரோரிக்கும் பெயர்பெற்ற ஓவியர். இமயமலையின் பனிச்சிகரங்களை வரைந்து, குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கர் என்னும் ஊரிலேயே குடியிருந்து, 1947-ல் அங்கேயே மறைந்தார். போர்க்காலத்தில் கலைச்செல்வங்களையும் பள்ளிகளையும் அழிக்கலாகாது என்னும் உடன்படிக்கைக்காகப் பாடுபட்டவர் அவர். அவர் பெயராலேயே 'ரோரிக் உடன்படிக்கை' என்று அழைக்கப்படும் அது, 1935 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் வெள்ளை மாளிகையில் கையெழுத்தாயிற்று.

மகன் ஸ்வெதோஸ்லாவ், 1945-ல் தேவிகா ராணியை மணந்தார். இந்தியத் திரைப்படத்தின் முதல் பெருமாட்டி என்று புகழப்பட்ட அந்த அம்மையார், பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தை நடத்தியவர்களுள் ஒருவர்; தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. திருமணத்திற்குப் பின் திரையுலகை விட்டு விலகி, கணவரோடு முதலில் இமயமலை அடிவாரத்திலும், பின்னர் பெங்களூரிலும் வாழ்ந்தார். ஸ்வெதோஸ்லாவ் வரைந்த ஜவஹர்லால் நேருவின் உருவப்படம், பாராளுமன்றத்தின் பழைய கட்டிடத்து மைய மண்டபத்தில் வைக்கப்பட்டது.

தாதகுணியில் அவர்கள் வளர்த்த மரங்களுள் முக்கியமானது லினலோ. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட நறுமண மரம் அது. அதன் சிறு கனிகளின் மேல்தோலை வாலையில் வடித்தால் வாசனைத் தைலம் கிடைக்கும். சோப்புக்கும் அத்தருக்கும் அது பயன்படும். படம் வரைவதோடு நின்றுவிடாமல், தைல மரங்களையும் பயிரிட்டு, மாடுகன்றுகளோடு ஒரு பெரிய பண்ணையாகவே அந்தத் தம்பதியர் அதை நடத்தினார்கள்.

ரோரிக் குடும்பத்தாரின் ஆன்மீகக் கொள்கைகள் நம் விசுவாசத்திற்கு வேறானவை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது சரியல்ல. பல மார்க்கங்களின் போதனைகளை ஒன்றாய்க் கலந்த வழி அவர்களுடையது. பிள்ளைகள் கேட்டால் அதைத் தெளிவாய் விளக்குங்கள். ஆனால் மலையையும் மரத்தையும் உற்றுநோக்கி உழைத்த ஒரு மனிதருடைய வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ள நமக்கு ஏராளம் உண்டு.

பிறகு நடந்தது

அந்தத் தம்பதியருக்குப் பிள்ளைகள் இல்லை. முதுமையும் நோயும் வந்தபோது, அவ்வளவு பெரிய நிலத்தை அவர்களே கவனிக்க இயலாமற்போயிற்று. 1993 ஜனவரி 30 அன்று ஸ்வெதோஸ்லாவ் மறைந்தார். அவருடைய உடல் அந்தத் தோட்டத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டது. 1994 மார்ச் 9 அன்று தேவிகா ராணியும் மறைந்தார்.

அதன்பின் வழக்குகள் எழும்பின. நிலத்தின் பெரும்பகுதியைத் தாங்கள் ஏற்கெனவே கிரயம் பெற்றுவிட்டதாகத் தனியார் நிறுவனம் ஒன்று உரிமை கோரியது. அந்தக் கிரயம் செல்லுமா என்றும், லினலோ பயிரிடும் நிலத்திற்கு நிலச்சீர்திருத்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டா என்றும் கேள்விகள் எழுந்தன. கர்நாடக அரசு முதலில் அவசரச் சட்டத்தின் மூலமாகவும், பின்பு 1996-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் மூலமாகவும் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. அதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றத்தையும் கடந்து, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் தேவிகா ராணி மறைந்து பதினேழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

பதினேழு ஆண்டுகள்! நட்ட மரம் வளர்ந்து காய்த்துவிடும் காலம் அது. கையில்லாத தோட்டத்தில் அதே காலத்தில் புதர் மண்டிவிடும். உலகமெங்குமுள்ள கலைச்செல்வங்களைக் காக்க உடன்படிக்கை தேடித்தந்த தகப்பனாரின் மகனுடைய சொந்தத் தோட்டத்திற்குத்தான் இந்த நிலை வந்தது.

மதியத்திற்கு மேல்

தாதகுணியின் வாசல் திறவாவிட்டாலும் உங்கள் நாள் வீணாகாது. மீண்டும் சில்க் இன்ஸ்டிட்யூட்டிற்கு வந்து, அதே பச்சைத் தடத்தில் வடக்கு நோக்கி ஏறி, வண்டி மாறாமலே சம்பிகே சாலை நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் குமார கிருபா சாலையில் கர்நாடக சித்திரகலா பரிஷத் இருக்கிறது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்தக் கலை நிறுவனத்தில், தகப்பனும் மகனுமாகிய ரோரிக் இருவருடைய ஓவியங்களுக்கென்றே தனிக்கூடம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஸ்வெதோஸ்லாவ் உயிரோடிருக்கும்போதே மனதார அளித்த ஓவியங்கள் அங்கே சுவரில் அமைதியாக இருக்கின்றன. அவற்றைக் குறித்துச் சண்டை இல்லை. பள்ளிப்பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்; கலை பயிலும் மாணவர்கள் அருகே நின்று கற்கிறார்கள். அவர் தம் கையால் கொடுத்தது நிலைத்தது. அவருக்குப்பின் விடப்பட்டதோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. காலையில் கண்ட வேலியையும் மாலையில் காணும் கூடத்தையும் மனதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடல் கடந்து இன்னொரு தோட்டம்

பாரீஸ் நகரில் நம் தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். உங்கள் உறவினர் யாரேனும் அங்கே இருந்தால், அவர்களும் இதைப்போன்ற ஒரு நாள் பயணத்தை மேற்கொள்ளலாம். செயின்ட் லசார் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் வெர்னோன் என்னும் ஊர் வரும். நிலையத்தின் எதிரே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். பழைய ரயில் பாதை இருந்த தடத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் ஜிவெர்னி என்னும் கிராமத்தை அடையலாம். குளத்து அல்லிப் பூக்களை வரைந்து உலகப்புகழ் பெற்ற குளோது மோனேயின் தோட்டம் அங்கேதான் உள்ளது. வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை அது திறந்திருக்கும்.

மோனே 1883-ல் அங்கே வாடகைக்குக் குடியேறினார். 1890-ல் அந்த வீட்டை விலைக்கு வாங்கினார். 1893-ல் ரயில் பாதைக்கு அப்பால் நிலம் வாங்கி, ஓடைநீரைத் திருப்பி அல்லிக்குளம் அமைத்தார். அயல்நாட்டுச் செடிகளால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கண்ணில் புரை விழுந்து, வண்ணங்கள் மங்கித் தெரிந்த முதிர்வயதிலும் அவர் அந்தக் குளத்தை வரைந்துகொண்டே இருந்தார். தம் பெரிய அல்லி ஓவியங்களைப் பிரெஞ்சு அரசுக்குக் கொடையளிப்பதாக 1922-ல் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1926 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டே, எழுதியபடியே, அந்த ஓவியங்கள் பாரீசின் ஒராஞ்சரி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வந்தன.

தோட்டத்தின் கதை அப்படியாகவில்லை. மருமகள் பிளான்ஷ் 1947-ல் தாம் மறையும் வரை அதைப் பேணிவந்தார். அதன்பின் வீடும் குளமும் பாழடைந்தன. தளங்கள் இற்றுப்போயின, குளக்கரை சரிந்தது, ஓவியக்கூடத்திற்குள்ளேயே மரங்கள் முளைத்தன. எனினும் ஒன்று நடந்தது. மகன் மிஷேலுக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. அவர் அதை எண்ணி, அந்தச் சொத்தைப் பிரான்சின் நுண்கலைக் கழகத்திற்கென்று உயிலில் எழுதி வைத்திருந்தார். 1966-ல் அவர் கார் விபத்தில் திடீரென இறந்தபோது, தோட்டம் யாருக்கு என்று எவரும் வழக்காட வேண்டியிருக்கவில்லை. 1977 முதல் சீரமைப்பு வேலைகள் நடந்து, 1980-ல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பாழான தோட்டமும் மீண்டும் பூத்தது; ஏனெனில் அதற்குப் பொறுப்பாளர் யார் என்பது காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

தோட்டம் நட்ட ராஜா

தேவபிள்ளைகளே, வேதாகமத்திலும் ஒருவர் தோட்டங்களை உண்டாக்கினார். பிரசங்கி இரண்டாம் அதிகாரத்தில் சாலொமோன், தான் சிங்காரவனங்களை அமைத்ததையும், கனிமரங்களை நட்டதையும், அவற்றுக்கு நீர்பாய்ச்சக் குளங்களை வெட்டியதையும் வரிசையாய்ச் சொல்லுகிறார். அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் அவர் மனம் கசந்துபோகிறது. பாடுபட்டதெல்லாம் தனக்குப்பின் வருகிறவனுக்குப் போகும். அவன் புத்திமானோ புத்தியீனனோ யாருக்குத் தெரியும் என்று அவர் புலம்புகிறார். சகல ஞானமும் பெற்றிருந்த ராஜாவின் உறக்கத்தையே அந்தக் கேள்வி கெடுத்தது.

எங்களுக்கு 468 ஏக்கரா இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லைதான். ஆனால் நம்மிடம் உள்ளதை எண்ணிப் பாருங்கள். தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ வேலூர் பக்கத்திலோ தாத்தா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர். அதன் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. நீலசந்திராவில் குடியிருக்கும் வீட்டிற்கு லீஸாகக் கொடுத்த சில லட்ச ரூபாய். அந்த ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயர் மட்டுமே உண்டு. அம்மாவின் கழுத்துச் சங்கிலி. சீட்டுப் பணம். வங்கியில் ஒரு வைப்புத்தொகை. நூறு ஏக்கர்காரனுக்கு வழக்காடப் பணம் இருக்கும். நமக்கோ இந்தச் சிறு சொத்தே வழக்குச் செலவில் கரைந்துபோகும். அண்ணன் தம்பிகள் ஒரே சபையில் இருந்துகொண்டு, ஒரே அப்பத்தில் பங்குபெற்று, ஒருவரோடொருவர் பேசாமல் வாழும் வீடுகள் நமக்குள் இல்லையா?

"வருகை சமீபம், உயில் எதற்கு?"

விசுவாசிகளுக்குள்ளே இரண்டு தயக்கங்கள் உண்டு. ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார், நிலத்தைப் பற்றியும் பத்திரத்தைப் பற்றியும் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது ஒன்று. வியாதிப்படுக்கையில் உயிலைப் பற்றிப் பேசுவது அவிசுவாசம், சுகம் கிடைக்கும் என்று அறிக்கையிட வேண்டிய நேரத்தில் மரணத்தைப் பேசலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் பக்தியிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும் இரண்டுக்கும் வேதம் பதில் தருகிறது.

முதலாவது, எரேமியா. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் விழப்போகிறது என்பதைத் தீர்க்கதரிசி அறிந்திருந்தார். அவரே காவலில் அடைபட்டும் இருந்தார். அந்த வேளையில் ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கும்படி கர்த்தர் அவருக்குக் கட்டளையிட்டார். அவர் பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் பாருக்கின் கையில் ஒப்புவித்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எரேமியா 32-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டு ஜெபத்தில் வாசித்துப் பாருங்கள். முடிவு நெருங்கியிருப்பதை அறிந்த மனிதனே பத்திரத்தை மிகவும் கவனமாய் எழுதினார். அது பூமிக்குரிய ஆசையினால் எழுதப்பட்டதன்று. கர்த்தர் தம் ஜனத்தைத் திரும்பவும் குடியேற்றுவார் என்ற நம்பிக்கையினால் எழுதப்பட்டது.

இரண்டாவது, எசேக்கியா. மரணத்திற்கேதுவான வியாதியில் கிடந்த ராஜாவிடம், வீட்டுக்காரியத்தை ஒழுங்குபண்ணும்படி ஏசாயா சொல்லியனுப்பப்பட்டார். ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தார். பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டிக்கொடுக்கப்பட்டது. ஒழுங்குபண்ணச் சொன்னவரும் கர்த்தரே. சுகம் தந்தவரும் கர்த்தரே. ஆகவே உயில் எழுதிவிட்டுச் சுகத்திற்காக ஜெபிக்கத் தடை ஒன்றுமில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் ஆண்டவர். உலகத்தின் பாவத்தைச் சுமந்து சிலுவையில் தொங்கிய அந்த வேளையிலும், தம் தாயை யோவானின் பொறுப்பில் ஒப்புவிக்க அவர் மறக்கவில்லை. அந்நேரமுதல் அந்தச் சீஷன் மரியாளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டதாக யோவான் 19-ல் வாசிக்கிறோம். தமக்குப்பின் தாய் யாரோடிருப்பாள் என்பதை அவர் பிறருடைய ஊகத்திற்கு விட்டுவிடவில்லை.

என்ன செய்யலாம்?

கிறிஸ்தவர்களுடைய சொத்துரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி தீர்மானிக்கப்படுகிறது. உயில் இல்லாமல் ஒரு சகோதரர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு மறைந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். இதில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. பிற மதத்திலிருந்து விசுவாசத்திற்கு வந்த குடும்பங்களில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில் சிக்கல் எழக்கூடும். அவர்கள் கட்டாயம் ஒரு வழக்கறிஞரைக் கேட்டறியவேண்டும்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுகிறவர் தெளிந்த புத்தியோடு, எவருடைய வற்புறுத்தலுமின்றிக் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறுகிறவரையும், அவருடைய கணவன் அல்லது மனைவியையும் சாட்சியாக வைக்காதீர்கள்; வைத்தால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமற்போகும். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவுசெய்வது கட்டாயமில்லை. ஆனால் பின்னால் வரும் சந்தேகங்களைத் தவிர்க்க அது உதவும். உயிரோடிருக்கும் வரை எத்தனை முறையும் அதை மாற்றி எழுதலாம். திருமணத்திற்கு முன் எழுதிய உயில், கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை, திருமணத்தோடு செல்லாததாகிவிடும். ஆகையால் புதிதாய் எழுதவேண்டும்.

வங்கியில் நாமினி என்று ஒருவருடைய பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர் பலர். பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்ளும் தகுதியையே அது தருகிறது. அதனாலேயே அவர் முழு உரிமையாளராகிவிடுவதில்லை. லீஸ் ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்க்க இயலுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஊருக்குச் செல்லும் அடுத்த முறை பட்டாவை மாற்றவும், வில்லங்கச் சான்று எடுக்கவும் ஒரு நாளை ஒதுக்குங்கள். பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். அந்த இடமே உங்கள் வீட்டின் மண்பாண்டம்.

பிள்ளையில்லாத முதியோருக்காக

நம் சபைகளில் பிள்ளைகள் இல்லாத தம்பதியரும், தனித்து வாழும் விதவைத் தாய்மாரும் உண்டு. அவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் வாலிபரும், கஞ்சி கொண்டுபோகும் சகோதரிகளும் பெரிய ஊழியம் செய்கிறார்கள். ஆயினும் நோய்ப்படுக்கையின் அருகே இருப்பவருக்கு ஒரு சோதனையும் உண்டு. உதவியாக உள்ளே நுழைந்த கை, ஒரு நாள் பீரோச் சாவியைத் தேடும் கையாகிவிடலாம். ஊழியக்காரரும் இதற்கு விலக்கல்ல. எனவே முதியவர் உயில் எழுத விரும்பினால், உதவி செய்கிறவரும் பங்கு பெறுகிறவரும் அறைக்கு வெளியே இருக்கட்டும். சம்பந்தமில்லாத இரண்டு பெரியவர்களும் ஒரு வழக்கறிஞரும் உள்ளே இருக்கட்டும். அது முதியவருக்கும் பாதுகாப்பு, உதவினவரின் நற்பெயருக்கும் பாதுகாப்பு.

தங்கள் சொத்தைச் சபைக்கோ அநாதை இல்லத்திற்கோ எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அப்படி எழுதினால், மரணத்திற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே அந்த உயில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் முன்பு இருந்தன. அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தது. ஆகவே இப்போது அந்தத் தடை இல்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, பராமரிப்புக்குரிய மனைவியையும் உடன்பிறந்தாரையும் வெறுங்கையாய் விட்டுவிட்டுக் காணிக்கை எழுதலாகாது. பெற்றோருக்குரியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவைத்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

புறப்படுங்கள்

எனவே, பிரியமானவர்களே, அடுத்த இரண்டாம் சனிக்கிழமை குடும்பமாய்ப் புறப்படுங்கள். முடிந்தால் வயதான தகப்பனையும் தாயையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைப் பேருந்திலே ஏற்றிவிட்டு, வாலிபர்கள் மிதிவண்டியிலே பின்தொடரலாம். மரங்களைக் காட்டுங்கள். அந்த ஓவியரின் கதையைச் சொல்லுங்கள். சொத்துப் பேச்சை வீட்டிற்குள் எடுத்தால் பெரியவர்களின் முகம் வாடிவிடும், அது இயல்பே. ஆனால் ஊரார் ஒருவருடைய தோட்டத்தைக் குறித்துப் பேசத் தொடங்கினால், பல வேளைகளில் தங்கள் நிலத்தைப் பற்றி அவர்களே வாய் திறப்பார்கள். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். எந்த வரப்பு, எந்தக் கிணறு, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. கேட்டதை வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவையுங்கள். பத்திரம் பின்னால் வரட்டும். முதலில் பேச்சு நடக்கட்டும்.

பரலோகத்தில் நமக்கென்று வாடாத சுதந்தரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறித்து யாரும் வழக்காட முடியாது. பூமியிலே நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதையோ, நமக்குப்பின் வருகிறவர்கள் சமாதானத்தோடு அனுபவிக்கும்படி ஒழுங்காய் விட்டுச்செல்வது உக்கிராணக்காரராகிய நம் கடமை.

கர்த்தர் தாமே உங்கள் வீட்டையும், நீங்கள் நட்டதையும், உங்களுக்குப்பின் அறுவடை செய்யப்போகிற உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.